ரோஸ்மில்க்கும் பால் டீயும்: ஒரு கேரவன் கியர் பாக்ஸின் வாக்குமூலம்

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. மெக்கானிக்கல் பசங்க சிலபஸ்ல இருக்கற மாதிரி படிக்கலாம். மத்தவங்க டீ, ரோஸ்மில்க் வர்ற இடங்களை மட்டும் படிச்சாலும் கதை புரியும் :-)

கேரவன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பூந்தமல்லி ரோட்டுல ஈ.வி.பி பக்கம், வடபழனி பக்கம், ஓரமா நிக்கிற வெள்ளை வேன். உள்ள ஏ.சி., சோபா, கண்ணாடியைச் சுத்தி பல்பு. ஹீரோ உள்ள இருக்காரா இல்லையான்னு நாலு பேர் வெளிய நின்னு எட்டிப் பார்த்துட்டு இருப்பாங்க. வெளிநாட்டுல இதுக்கு மோட்டார் ஹோம்னு பேரு. ரிட்டயர்டு ஆன தாத்தா பாட்டி வீட்டையே சக்கரத்துல ஏத்திட்டு நாடு சுத்துவாங்க. நம்ம ஊர்ல அது சினிமாவுக்கும் அரசியல்வாதிக்கும்தான் அதிகம். 2021ல கேரளா அரசு கேரவன் டூரிஸத்துக்குன்னே ஒரு கொள்கை அறிவிச்சது. மோட்டார் கேரவன் எப்படி இருக்கணும்னு ஏ.ஐ.எஸ்-124ன்னு தனியா ஒரு இந்திய ஸ்டாண்டர்டே இருக்கு.

இந்த வண்டிகளுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. ஓடுறதை விட நிக்கிறது அதிகம். நின்னுட்டே இருக்கற வண்டிக்கு என்ன ஆகப்போகுதுன்னு தோணும். நிக்கிற வண்டியோட கியர் பாக்ஸுக்குள்ள தண்ணி போனா யாருக்கும் தெரியாது. தெரியும்போது பேரிங் துருப்பிடிச்சிருக்கும். அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல அமெரிக்கக் கதை. அங்க மோட்டார் ஹோம் எல்லாம் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர். அந்த ஆயிலுக்கு ஏ.டி.எஃப்னு பேரு. நிறம் சிவப்பு. எண்ணெய் இயற்கையிலேயே சிவப்பு கிடையாது, சாயம் போடறாங்க. கீழ ஒழுகினா இது இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலான்னு பார்த்ததும் கண்டுபிடிக்கத்தான். (ஒரு கொசுறு: 1970களின் தொடக்கம் வரைக்கும் இந்த ஆயில்ல திமிங்கில எண்ணெய் கலந்தாங்க. அமெரிக்கா அதுக்குத் தடை போட்ட பிறகு கெமிஸ்ட்டுகள் எல்லாம் மாற்றுப் பொருள் தேடி அலைஞ்சாங்க.)

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ரொம்ப சூடாகும். அந்த ஆயிலைக் குளிர வைக்க, பல வண்டிகள்ல ரேடியேட்டர் தொட்டிக்குள்ளயே ஒரு சின்ன கூலரை வெச்சிருப்பாங்க. ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட், நடுவுல ஒரு மெல்லிய உலோகச் சுவர். அந்தச் சுவர்ல விரிசல் விட்டா ரெண்டும் கலந்துடும். சிவப்பு ஆயில் இளஞ்சிவப்பா, நுரை தள்ளி, அப்படியே ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக் மாதிரி ஆகிடும். 2005லிருந்து 2010 வரைக்கும் வந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகள்ல இது நிறைய நடந்து, அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் போச்சு. வண்டிக்காரங்க இதுக்கு வெச்ச செல்லப் பேரு "மரண ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக்". நம்ம ஊர்க்காரனா இருந்தா ரோஸ்மில்க்னு வெச்சிருப்பான்.

இதுல தண்ணியை விட ஆபத்து கூலன்ட்ல இருக்கற கிளைகால். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் உள்ள இருக்கற கிளச் பிளேட்டுகள்ல காகிதம் மாதிரி ஒரு பொருளை இரும்புத் தகட்டு மேல பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. கிளைகால் அந்தப் பசையை விட்டுப்போக வெச்சுடும். அதனாலதான் பெரிய வண்டிகளுக்கு கியர் பாக்ஸ் செய்யற அலிசன் கம்பெனி (ஒரகடத்துலயும் அவங்க ஃபேக்டரி இருக்கு) கிளைகால் துளி தெரிஞ்சாலும் சும்மா ஆயில் மாத்தி ஓட்டாதே, பிரிச்சு கிளச் பிளேட்டை மாத்துன்னு சொல்லுது. ரோஸ்மில்க் வந்தா ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ள எண்ணெய் மிதக்குதான்னு பார்க்கணும். மிதந்தா திருடன் கூலர்தான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். நம்ம கேரவன்கள் பெரும்பாலும் மினி பஸ், டிராவலர் மாதிரி வேன் சேஸிஸ் மேல கட்டினது. மேனுவல் கியர். இதுல ரேடியேட்டருக்கும் கியர் பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால கூலன்ட் உள்ள வர வாய்ப்பே இல்லை. சந்தேக லிஸ்ட்ல ஒரு ஆள் குறைஞ்சாச்சு. மிச்சம் இருக்கறது மூணு பேர்: வெளியிலிருந்து வந்த தண்ணி, உள்ளயே வியர்த்த ஈரம், யாரோ தப்பா ஊத்தின வேற ஆயில்.

வெளித் தண்ணி எப்படி உள்ள போகுது? கியர் பாக்ஸ் மேல பிரீதர்னு ஒரு சின்ன மூக்கு இருக்கும். ஓடும்போது உள்ள காற்று சூடாகி விரியும், அது வெளிய போக வழி வேணும். இல்லைன்னா ஆயில் சீலைத் தள்ளிட்டு ஆயில் வெளிய வந்துடும். குளிர்ந்தா காற்று சுருங்கும், அதே மூக்கு வழியா வெளிக் காற்றை உள்ள இழுக்கும். மூக்கு தண்ணிக்குள்ள இருந்தா? தண்ணியை இழுக்கும். பிளஸ் ஒன்ல படிச்ச சார்லஸ் விதிதான். உள்ள 3 லிட்டர் காற்று இருக்கு, 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிருதுன்னு வெச்சுக்கோங்க. கெல்வின்ல 353லிருந்து 303. கிட்டத்தட்ட 14 சதவீதம் சுருங்கும். 400 மில்லிக்கு மேல தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுடும். ஓடி வந்த வண்டி சப்வே தண்ணிக்குள்ள நின்னா இதுதான் நடக்குது.

வண்டி சூடாகவே இல்லாம, சும்மா நிறுத்தி வெச்ச இடத்துல தண்ணி ஏறினாலும் உள்ள போகும். ஆயில் சீல் உள்ள இருக்கற ஆயிலை வெளிய விடாம இருக்கத்தான் செஞ்சது. வெளியிலிருந்து அழுத்தற தண்ணியை நாள்கணக்குல தடுக்க இல்லை. பிரீதருக்கு மேல தண்ணி நின்னா காற்று குமிழ் குமிழா வெளிய வரும், தண்ணி உள்ள இறங்கும்.

அப்படி ஒரு வண்டியைத்தான் 2023 டிசம்பர்ல எங்க மாமா ஷெட்ல பார்த்தேன்.

மிக்ஜாம் புயல் நினைவிருக்கும். டிசம்பர் 3, 4 தேதிகள்ல கொட்டின மழை. புயல் 5ஆம் தேதி ஆந்திராவுல கரை ஏறினது, தண்ணி மட்டும் நம்மகிட்டயே தங்கிடுச்சு. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத், பிரஸ், மோட்டார் எல்லாம் நாள்கணக்குல முங்கிக் கிடந்தது. கொரட்டூர் பக்கமும் அதே கதை. மாமாவோட ஷெட் ஓ.டி. பக்கம் கொஞ்சம் மேடு, தப்பிச்சது. தண்ணி வடிய ஆரம்பிச்சதும் ஒரு வாரத்துக்கு ஷெட் வாசல்ல வரிசை கட்டி வண்டி. காலேஜும் லீவு. நான் பனியன் வேஸ்ட் எடுத்துக் கொடுக்கறது, ஜாக்கி தள்ளறது, டீ வாங்கிட்டு வர்றதுன்னு முழுநேர உதவியாளன்.

அந்த வரிசையில ஒரு கேரவன். கொரட்டூர் பக்கம் ஒரு காலி மனையில நிறுத்தியிருந்தது. கதவுல பாதி உயரத்துக்கு ஒரே கோடு, சேறு காய்ஞ்சு. உள்ள சோபா ஊறி நாத்தம். டோ பண்ணற வண்டி முன் சக்கரத்தைத் தூக்கிட்டு, பின் சக்கரம் ரோட்டுல உருள, ஆறு கிலோமீட்டர் இழுத்துட்டு வந்து விட்டுட்டுப் போச்சு. கூடவே ஓனரும் டிரைவரும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல.

விஷயம் இதுதான். 4ஆம் தேதி காலையில டிரைவர் தண்ணிக்குள்ளயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பார்த்தாருன்னு யாரோ ஓனர்கிட்ட சொல்லியிருக்காங்க. முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணினா, அதனால வர்ற சேதத்தை சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி ஏத்துக்காது. அதுக்குத் தனியா காசு கட்டி ஒரு கூடுதல் கவர் எடுத்திருக்கணும். இந்த வண்டிக்கு அது இல்லை. "கியர் பாக்ஸ் போயிருந்தா இவன் சம்பளத்துலதான் பிடிக்கப்போறேன்"னு ஓனர் நேரடியாவே சொல்லிட்டார்.

டிரைவருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீடு கள்ளிக்குப்பம். அவர் வீட்லயும் தண்ணி. "3ஆம் தேதி ராத்திரி நிறுத்தினதோட சரிண்ணே. எட்டாம் தேதி வரைக்கும் நான் அந்தப் பக்கமே போக முடியல. சாவியே போடல"ன்னார். ரெண்டு பெண் பிள்ளைங்க, பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு அப்புறம் டீ குடிக்கும்போது என்கிட்ட சொன்னார். சம்பளத்துல பிடிச்சா எத்தனை மாசம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தார்.

மாமா எதுவும் பேசல. பிட்டுக்குள்ள இறங்கி முதல்ல பின்னாடி கிரவுன் டிரெயின் நட்டைக் கழட்டினார். (கிரவுன்னா பின் ஆக்சில்ல இருக்கற டிஃபரன்ஷியல். ஷெட்ல யாரும் டிஃபரன்ஷியல்னு சொல்லமாட்டாங்க, சொன்னா படிச்ச பையன்னு சிரிப்பாங்க.) டிரேயில கொட்டினது அப்படியே டீக்கடை பால் டீ. கெட்டியா, நுரையோட.

ஓனர் குனிஞ்சு பார்த்தார். "பார்த்தீங்களா? ஓட்டாம இப்படி கலங்குமா?"

நியாயமான கேள்விதான். தண்ணியும் எண்ணெயும் சும்மா ஒண்ணா இருந்தா கலக்காது. தண்ணி கனம், கீழ போகும். எண்ணெய் மேல மிதக்கும். பால் டீ ஆகணும்னா யாரோ மத்து போட்டுக் கடைஞ்சிருக்கணும். கியர் பல்தான் அந்த மத்து. டிரைவர் முகத்தைப் பார்க்க முடியல.

மாமா, "இருங்க சார், இன்னும் ஒண்ணு இருக்கு"ன்னு சொல்லிட்டு மேல கையைக் காட்டினார். கிரவுனையும் கியர் பாக்ஸையும் இணைக்கற புரொப்பல்லர் ஷாஃப்டை டோ பண்ணினவங்க ஒரு முனையில கழட்டி, சேஸிஸோட கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க. பின் சக்கரம் உருள இழுத்துட்டுப் போகும்போது அப்படித்தான் செய்யணும். இல்லைன்னா கியர் பாக்ஸ்ல மேல் ஷாஃப்ட் சுத்தும், கீழ் ஷாஃப்ட் சுத்தாது, ஆயில் மேல தெறிக்காது, மேல் பேரிங் காய்ஞ்சு போகும்.

"ஷாஃப்ட் இல்லாம இழுத்தா கியர் பாக்ஸ் சுத்தாது. கிரவுன் சுத்தும். இல்லையா மாப்ள?"ன்னு என்னைக் கேட்டார். நான் மனசுல கணக்குப் போட்டேன். டயர் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆறு கிலோமீட்டர்னா 2,700 சுத்துக்கு மேல. கிரவுன் வீல் அத்தனை தடவை அந்தக் கலவையைக் கடைஞ்சிருக்கு. பால் டீ போட அது போதும். ஆக கிரவுன் ஆயிலை வெச்சு டிரைவர் ஓட்டினாரா இல்லையான்னு எதுவும் சொல்ல முடியாது. டோ வண்டியே அதைக் கலக்கிடுச்சு.

சாட்சி சொல்ல வேண்டியது கியர் பாக்ஸ்தான். வண்டியைத் தண்ணிக்குள்ள ஓட்டியிருந்தா அதுவும் பால் டீயா இருக்கணும்.

மாமா கியர் பாக்ஸ் டிரெயின் நட்டை ரொம்ப மெதுவா, பாதி திருப்பு மட்டும் தளர்த்தினார். முதல்ல வந்தது தண்ணி. பழுப்பா, கொஞ்சம் வண்டலோட, சுத்தமான வெள்ளத் தண்ணி. ஒண்ணரை லிட்டர் கிட்ட வந்தது. அப்புறம் விரல் அளவுக்கு ஒரு கலங்கல். அதுக்கு மேல, தேன் கலர்ல, கண்ணாடி மாதிரி, கந்தக வாசனையோட கியர் ஆயில். தனியா ஒரு டப்பாவுல பிடிச்சோம்.

யாரும் ஒரு நிமிஷம் பேசல. டிரைவர் மட்டும் "பார்த்தியாண்ணே"ன்னு மெதுவா சொன்னார்.

ஓனரும் லேசுப்பட்டவர் இல்லை. "அஞ்சு நாள் நின்னிருக்கு. முதல்ல கலங்கி, அப்புறம் தானா பிரிஞ்சிருக்கலாம்ல?"ன்னு கேட்டார்.

இது எனக்குப் பிடிச்ச கேள்வி. ஏன்னா இதுக்கு வாயால பதில் சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டலாம். ரெண்டு காலி மினரல் வாட்டர் பாட்டில் எடுத்தேன். ரெண்டுலயும் அந்த கியர் பாக்ஸ்லிருந்தே வந்த தேன் கலர் ஆயிலும், அதே கியர் பாக்ஸ்லிருந்து வந்த தண்ணியும் பாதிப் பாதி. ஒண்ணை அப்படியே வெச்சேன். இன்னொண்ணைக் கை வலிக்கற வரைக்கும் குலுக்கினேன். பால் டீ ஆச்சு. ரெண்டையும் ஷெட் அலமாரியில வெச்சுட்டு, "அஞ்சு நாள் கழிச்சு வந்து பாருங்க சார்"னு மாமா சொன்னார். கிரவுன் ஆயிலை ஏன் இதுக்குப் பயன்படுத்தலன்னா, அது வேற கிரேடு, அதோட கெமிக்கல் வேற. எந்த ஆயில் மேல சந்தேகமோ அதையேதான் சோதிக்கணும்.

கூடவே மத்த விஷயங்களையும் பார்த்தோம். ஏர் ஃபில்டர் காய்ஞ்சு, தூசியோட இருந்தது. உள்ள தண்ணித் தடம் இல்லை. இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்ல கலங்கல் இல்லை. ரெண்டு பக்கக் கதவுலயும் சேறு கோடு ஒரே மட்டத்துல இருந்தது. ஒவ்வொண்ணும் தனியா பெரிய சாட்சி இல்லை. சேர்த்துப் பார்த்தா, டிரைவர் சொன்னதுக்கு எதிரா எதுவுமே இல்லை.

அஞ்சு நாள் கழிச்சு ஓனர் வந்தார். குலுக்காத பாட்டில்ல கோடு போட்ட மாதிரி ரெண்டு அடுக்கு. குலுக்கின பாட்டில்ல அடியில கொஞ்சம் தண்ணி தேங்கியிருந்தது, மேல இன்னும் பால் டீதான். தேன் கலர் எங்கேயும் இல்லை. ஓனர் ரெண்டு பாட்டிலையும் தூக்கி வெளிச்சத்துல பார்த்தார். "சரி, பில்லைப் போடுங்க"ன்னார். டிரைவர்கிட்ட சாரி எல்லாம் கேட்கல. ஆனா சம்பளப் பிடித்தம்ங்கற பேச்சு அதோட நின்னுடுச்சு.

ஒண்ணு சொல்லணும். இந்த டெஸ்ட் நிரூபிச்சது ஒரே ஒரு விஷயம்தான்: தண்ணி உள்ள போன பிறகு கியர் பாக்ஸ் சுத்தல. அந்த வண்டி அங்க எப்படி வந்தது, ஏன் தாழ்வான இடத்துல நின்னதுன்னு ஆயிலுக்குத் தெரியாது. சாட்சி எவ்வளவு சொல்லுதோ அவ்வளவுதான் எடுத்துக்கணும். மாமா இதை எந்த காலேஜ்லயும் படிக்கல. ஆனா முதல் டிரேயைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லாம ரெண்டாவது நட்டைக் கழட்டினார் பாருங்க, அது நம்ம லேப்ல நமக்கே வராத பழக்கம்.

இனி நம்ம வண்டிக்கு உதவற விஷயங்கள். எந்த வண்டின்னாலும் சரி.

1. முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. சும்மா ஒரு தடவைன்னு கூட வேண்டாம். தண்ணி தனியா இருக்கற வரைக்கும் வடிச்சு எடுத்துடலாம். கலங்கினா வேலை மூணு மடங்கு. இழுக்கறதுக்கு முன்னாடி புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழட்டச் சொல்லுங்க. முடிஞ்சா பின் சக்கரத்தையும் தூக்கி, முழுசா லாரியில ஏத்திடறது இன்னும் நல்லது.

2. லெவல் பிளக்கைத் திறந்ததும் ஆயில் கொட்டினா சந்தோஷப்படாதீங்க. லெவல் கூடியிருக்குன்னா உள்ள விருந்தாளி வந்திருக்கார்னு அர்த்தம்.

3. கலங்கலா இருக்கறதெல்லாம் தண்ணி இல்லை. காற்றுக் குமிழ் கலந்தாலும் ஆயில் வெளுத்துத் தெரியும். ஒரு பாட்டில்ல பிடிச்சு வைங்க. காற்றுன்னா சீக்கிரமே அடியிலிருந்து தெளிஞ்சுட்டு வரும். தண்ணின்னா தெளியாது, இல்லைன்னா அடியில தங்கும்.

4. கொஞ்சமா தண்ணி இருந்தா கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு சடசட டெஸ்ட். ஒரு பழைய தோசைக்கல்லை நல்லா சூடு பண்ணி (150 டிகிரி பக்கம்), ஒரே ஒரு சொட்டு ஆயில் விடணும். தண்ணி இருந்தா கடுகு தாளிச்ச மாதிரி வெடிக்கும். இல்லைன்னா அமைதியாப் பரவும். 0.05 சதவீத அளவுக்குத் தண்ணி இருந்தாலே இது காட்டிக்கொடுக்கும். எவ்வளவு தண்ணின்னு சரியா அளக்க லேப்ல கார்ல் ஃபிஷர் முறைன்னு ஒண்ணு இருக்கு. 1935ல அதே பேருள்ள ஜெர்மன் கெமிஸ்ட் கண்டுபிடிச்சது. ஷெட்டுக்கு தோசைக்கல் போதும். கண்ணாடி போட்டுக்கோங்க, பக்கத்துல பெட்ரோல், டீசல் வேண்டாம், வீட்டு தோசைக்கல் வேண்டவே வேண்டாம். (அத்தைகிட்ட யார் திட்டு வாங்கறது?)

5. டிரெயின் நட்டுல இருக்கற காந்தத்தைப் பாருங்க. மை மாதிரி சாம்பல் கலர்ல பசை இருந்தா சாதாரணத் தேய்மானம். செதில், ஊசி மாதிரி வந்தா பல்லோ பேரிங்கோ போகுது. காந்தத்துல ஒட்டாத தங்கத் தூள் மினுமினுன்னா அது பித்தளை, சிங்க்ரோ ரிங் தேயுது.

6. கண்ட ஆயிலை ஊத்தாதீங்க. கியர் ஆயில் டப்பாவுல ஜி.எல்-4, ஜி.எல்-5ன்னு போட்டிருக்கும். எண் பெருசுன்னா உசத்தின்னு நினைக்கறது பொதுவான பழக்கம். ஜி.எல்-5 கிரவுன் மாதிரி கடுமையா உரசற பல்லுக்காக கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கை அதிகம் போட்டது. ஜி.எல்-4 கேட்கற கியர் பாக்ஸ்ல அதை ஊத்தினா சிங்க்ரோ ரிங் வழுக்கி, கியர் விழ அடம் பிடிக்கும். சில வகை பித்தளையை அரிக்கவும் செய்யும். வண்டி புத்தகம் எதைச் சொல்லுதோ அதுதான்.

7. நிக்கிற வண்டிக்கு வியர்வைத் தண்ணியும் எதிரி. கேரவனைச் செட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திடறாங்க. கியர் பாக்ஸ் முழுசா சூடாகறதே இல்லை. ராத்திரி ஈரக் காற்று உள்ள வந்து துளியாப் படியும், அது ஆவியாகிப் போக வாய்ப்பே கிடைக்காது. மாசத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரத்துக்கு மேல நல்லா ஓட்டணும். பிரீதர் மண் அடைச்சிருக்கான்னும் பார்க்கணும். காடு மேடு போற ஜீப்புகள்ல பிரீதர்ல ஒரு டியூப் மாட்டி இன்ஜின் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டிருப்பாங்க. வருஷா வருஷம் முங்கற ஊர்ல இருக்கற நமக்கும் அது நல்ல யோசனைதான்.

அந்தக் கேரவனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கியர் பாக்ஸ்ல விலை குறைஞ்ச மெல்லிய ஆயிலை ஊத்தி, பின் சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, அஞ்சு நிமிஷம் சின்ன கியர்ல சுத்த விட்டு வடிச்சோம். ரெண்டாவது தடவை வடிச்சதும் தோசைக்கல்லுல சத்தம் அடங்கிடுச்சு. பிரீதர், சீல் எல்லாம் புதுசு. ஐநூறு கிலோமீட்டர்ல மறுபடி ஆயில் மாத்தச் சொல்லி அனுப்பினார் மாமா. கியர் பாக்ஸுக்கு அதுக்கப்புறம் ஒரு குறையும் இல்லை.

கிரவுன்தான் படுத்திடுச்சு. அதுக்கும் நாலு முறை கழுவினோம், கடைசியில தோசைக்கல் அமைதி. ஆனா ஒரு மாசத்துல ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல "ஊ"ன்னு ஒரு ஊளை. பிரிச்சா பினியன் பேரிங்ல தண்ணி நின்ன மட்டத்துக்குத் துருக் கோடு, அதுல சின்னச் சின்னப் பள்ளம். துரு எப்பவோ ஆரம்பிச்சிருக்கு, ஆயில் சுத்தமானதும் அது மறையப் போறதில்லை. ஜி.பி. ரோடு போய் புது பேரிங் வாங்கிட்டு வந்தோம். அந்தப் பணம் ஓனர்தான் கொடுத்தார். டிரைவர் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டறார். மழை மேகம் கூடினா முதல் வேலையா வண்டியைக் கொண்டுபோய் மேட்டுல நிறுத்திட்டு, மாமாவுக்கு ஃபோன் பண்ணி எங்க நிறுத்தியிருக்கேன்னு சொல்லிடறார்.

பி.கு. 1: ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல எமல்ஷன் கேள்வி வந்தா பால் டீ உதாரணம் எழுதலாமான்னு நம்ம கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். தாராளமா எழுது. மார்க்குக்கு நான் பொறுப்பில்லை.

பி.கு. 2: பழைய கியர் ஆயிலை சாக்கடையில கொட்டாதீங்க. எஸ்டேட்ல வெள்ளம் வடிஞ்ச பிறகு சுவர்ல எல்லாம் கருப்பா எண்ணெய்க் கோடு இருந்தது. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க.

வரட்டா?